இன்டர்நெட் பாதையில் முந்திச் செல்வது யார்?

காட்டுத் தீயில் நடந்த சம்பவம் — கம்பெனி வைத்த தடை — சட்டம் சொல்வது என்ன? — வீட்டு ரவுட்டரில் செய்யக்கூடியது என்ன?

2018-ம் ஆண்டு ஜூலை மாதம் 27-ந் தேதி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், மெண்டோசினோ வட்டாரக் காட்டில் இரண்டு இடங்களில் தீ பிடித்தது.

சிறு தீ அல்ல. வாரக்கணக்கில் எரிந்தது. 4½ லட்சம் ஏக்கருக்கு மேல் கருகிப் போயிற்று. பரப்பளவில் பார்த்தால், அந்த மாநிலத்தில் அதுவரை பதிவான காட்டுத் தீயில் அதுவே மிகப் பெரியது.

தீயை அணைக்கப் பல ஊர்களில் இருந்து படைகள் விரைந்தன. சான்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புப் படையும் போயிற்று. அந்தப் படை ஒரு விசேஷ வண்டியை உபயோகித்தது. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஆட்கள் போக வேண்டும் என்பதை எல்லாம் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்த்து உத்தரவு போடுவதற்கான வண்டி அது. அதன் வேலை முழுதும் இன்டர்நெட்டை நம்பி இருந்தது.

தீ எரிந்துகொண்டு இருந்த வேளையில் அந்த வண்டியின் இன்டர்நெட் படுத்துவிட்டது! வேகம் இருநூறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

காரணம் என்ன? கோபுரம் எரியவில்லை. கம்பி அறுந்துபோகவில்லை. இணைப்புக் கொடுத்த வெரைசன் கம்பெனியே வேகத்தைக் குறைத்து இருந்தது!

படை வாங்கி இருந்த திட்டத்தில், மாதத்தில் ஒரு அளவுக்கு மேல் உபயோகித்தால் வேகம் குறையும் என்று விதி. அளவு தாண்டியது. கம்பெனியின் கம்ப்யூட்டர் குழாயைத் திருகி மூடியது. அதற்குத் தீயும் தெரியாது, கல்யாணமும் தெரியாது.

அதிகாரிகள் முறையிட்டார்கள். கூடுதல் பணம் கட்டி வேறு திட்டத்துக்கு மாறும்படி பதில் வந்தது. இந்த விவரங்கள் ஆகஸ்டு மாதம் கோர்ட்டில் தாக்கலான வாக்குமூலத்தில் வெளிவந்தன. அவசர காலத்தில் தடையை நீக்குவதே வழக்கம் என்றும், அதை நீக்காமல் விட்டது தங்கள் ஊழியர்களின் தவறு என்றும் கம்பெனி பிறகு ஒப்புக்கொண்டது.

ஒரு கேள்வி எழுகிறது. பாதையைப் போட்டவர் கையில் குழாயின் திருகு இருக்கிறது. அதை எப்போது திருகலாம்? எவ்வளவு திருகலாம்? யாருக்குச் சொல்லிவிட்டுத் திருக வேண்டும்?

இது கலிபோர்னியாக் காட்டுக்கு மட்டும் உள்ள கேள்வி அல்ல. செல்போன் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள கேள்வி.

பொட்டலம் பொட்டலமாக...

இன்டர்நெட்டில் ஒரு சினிமாப் படம் ஒரே மூட்டையாக வருவது இல்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பப்படுகிறது. ஒரு பொட்டலத்தில் பெரும்பாலும் 1,500 ஆங்கில எழுத்துகள் அளவுக்குத்தான் சரக்கு இருக்கும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் விலாசம் உண்டு.

அந்த விலாசத்தைப் பார்த்து, "நீ இந்தப் பக்கம் போ, நீ அந்தப் பக்கம் போ" என்று பிரித்து அனுப்பும் கருவிதான் ரவுட்டர். தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் ஊழியர் செய்யும் வேலையையே அது செய்கிறது. ஆனால் ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கில் செய்கிறது. வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டு இருக்கும் சிறு பெட்டியும் ரவுட்டர்தான். கம்பெனியின் கட்டிடத்தில் அலமாரி அளவுக்கு நிற்பதும் ரவுட்டர்தான்.

பொட்டலம் போகும் பாதைக்கு அகலம் உண்டு. அதைத்தான் "பேண்ட்வித்" என்கிறார்கள். ஒரு விநாடியில் எத்தனை மெகாபிட் போகும் என்பது அதன் கணக்கு.

தெளிவான சினிமாப் படம் ஒன்றுக்குச் சுமார் 5 மெகாபிட் வேண்டும். பேச்சுக்கு ஒரு மெகாபிட்டில் பத்தில் ஒரு பங்கே போதும். அதாவது, ஒரு சினிமா போகிற இடத்தில் ஐம்பது பேச்சு போகலாம்.

அப்படி இருந்தும், கூட்டம் வந்தால் முதலில் கெடுவது பேச்சுதான். ஏன்?

சினிமா என்பது குதிரில் நெல்லைச் சேர்ப்பது போன்றது. அடுத்த சில விநாடிகளுக்கு வேண்டிய படம் முன்கூட்டியே வந்து செல்போனில் தங்கிவிடும். வரத்து கொஞ்சம் நின்றாலும் தெரியாது. பேச்சு என்பது கல்லில் இருந்து நேரே இலைக்கு வரும் தோசை போன்றது. சேர்த்து வைக்க முடியாது. கால் விநாடி தாமதித்தாலும் தெரிந்துவிடும்.

ஆகவே, அகலம் மட்டும் போதாது. வரிசையும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஸ்தம்பித்த நாள்

ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1986-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அது தெரிந்தது.

அமெரிக்காவில் பெர்க்லி நகரில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிச் சாலை இருக்கிறது. அருகிலேயே கலிபோர்னியா சர்வகலாசாலை. இரண்டுக்கும் இடையே 400 கஜ தூரம்தான். விநாடிக்கு 32 ஆயிரம் பிட் போய்க்கொண்டு இருந்த பாதை, திடீர் என்று 40 பிட்டாக இறங்கியது. எண்ணூறில் ஒரு பங்கு! காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினால் அதைவிடச் சீக்கிரம் போயிருக்கும்.

என்ன நடந்தது? கூட்டத்தில் சில பொட்டலங்கள் தொலைந்தன. அனுப்பிய கம்ப்யூட்டர்கள் அவற்றைத் திரும்ப அனுப்பின. அதனால் கூட்டம் இன்னும் கூடியது. இன்னும் தொலைந்தன. இன்னும் அனுப்பின. திருவிழாக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே வாசலில் முண்டியடித்த கதைதான்!

வான் ஜேக்கப்சன் என்ற நிபுணர் இதை ஆராய்ந்தார். மைக்கேல் கேரல்ஸ் என்பவருடன் சேர்ந்து மருந்தும் கண்டுபிடித்தார். 1988-ல் அது வெளிவந்தது. மருந்து மிக எளியது.

"பொட்டலம் தொலைந்தால், முன்னே கூட்டம் என்று அர்த்தம். உடனே வேகத்தைக் குறை. தொலையாவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று."

அவ்வளவுதான்! அனுப்பும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் இந்த மரியாதையைக் கடைப்பிடித்தால் பாதை ஸ்தம்பிக்காது. அந்த வழியில் வந்த முறைகளே இன்றும் இன்டர்நெட்டைக் காத்து வருகின்றன.

ஓட்டைக் குடம்

மரியாதை மட்டும் போதுமா? போதாது. ஒருவர் ஒரே வரிசையில் நிற்கிறார். இன்னொருவர் முப்பது வரிசைகளில் ஆள் நிறுத்துகிறார். பெரிய பைல்களைப் பலரிடம் இருந்து ஒரே சமயத்தில் இழுக்கும் முறைகள் அப்படித்தான் வேலை செய்கின்றன. எல்லா வரிசையும் மரியாதையாக நின்றாலும், முப்பது வரிசைக்காரருக்கு முப்பது பங்கு கிடைத்துவிடும்.

ஆகவே, ரவுட்டரிலேயே ஒழுங்கு செய்யும் முறைகள் வந்தன. இதற்கு "டிராபிக் ஷேப்பிங்" என்று பெயர். போக்குவரத்தைச் சீர்படுத்துவது என்று பொருள். அதில் மூன்று வகை முக்கியம்.

முதல் வகை, ஓட்டைக் குடம். குடத்தில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஊற்றினாலும், ஓட்டை வழியாக ஒரே சீராகத்தான் வெளியே வரும். வீட்டு இணைப்பில் "விநாடிக்கு 40 மெகாபிட்" என்று வரம்பு வைப்பது இப்படிப்பட்ட கணக்கினால்தான்.

இரண்டாம் வகை, முன்னுரிமை. ஆம்புலன்ஸ் வந்தால் மற்ற வண்டிகள் ஒதுங்குவது போல, குறிப்பிட்ட பொட்டலங்களை முதலில் விடுவது.

மூன்றாம் வகை, பங்கு. ஆளுக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையில் இருந்தும் முறை வைத்து ஒவ்வொன்றாக எடுப்பது. முப்பது மூட்டைக்காரரும் ஒரு மூட்டைக்காரரும் சமம்.

கருவி ஒன்றுதான். அதைக் கொண்டு நியாயமும் செய்யலாம், அநியாயமும் செய்யலாம். அதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு.

போலிக் குரல்!

அமெரிக்காவில் காம்காஸ்ட் என்று ஒரு பெரிய கம்பெனி. கேபிள் வழியாக வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறது. 2007-ம் ஆண்டில், பிட்டாரண்ட் என்ற முறையில் பைல் அனுப்பியவர்களின் இணைப்பு அடிக்கடி அறுந்தது. காரணம் புரியவில்லை.

"அசோசியேட்டட் பிரஸ்" செய்தி நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் சோதனை செய்து பார்த்தது. அது அனுப்பியது திருட்டுப் படம் அல்ல. பைபிள்! அதுவும் அறுந்தது.

சூழ்ச்சி இதுதான். இரண்டு பேர் டெலிபோனில் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் ஆபரேட்டர், இவர் குரலில் அவரிடம் "சரி, வைத்துவிடுகிறேன்" என்கிறார். அவர் குரலில் இவரிடமும் அதையே சொல்கிறார். இருவரும் டெலிபோனை வைத்துவிடுகிறார்கள். காம்காஸ்டின் கருவிகள் பொட்டலங்களைக் கொண்டு இதைத்தான் செய்தன.

கூட்டத்தைச் சமாளிக்கவே இதைச் செய்ததாகக் கம்பெனி வாதாடியது. ஆனால், கூட்டம் இல்லாத நேரத்திலும் தடை விழுந்தது என்று தகவல் தொடர்புக் கமிஷன் கண்டது. 2008 ஆகஸ்டு 1-ந் தேதி, 3-க்கு 2 என்ற ஓட்டில், கம்பெனி செய்தது தவறு என்று கமிஷன் தீர்ப்புச் சொன்னது.

பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. அதே கம்பெனி 2008-ம் ஆண்டு முடிவதற்குள் முறையை மாற்றியது. எப்படி?

ஒரு வட்டாரத்தின் பாதையில் நெரிசல் வரம்பைத் தொட்டால் மட்டுமே புது முறை வேலை செய்யும். அப்போது, 15 நிமிஷமாக மிக அதிகம் இழுத்துக்கொண்டு இருப்பவர் யார் என்று பார்க்கும். அவர் அனுப்புவது சினிமாவா, பாட்டா, பைபிளா என்று பார்க்காது. அவருடைய பொட்டலங்களைக் கொஞ்சம் பின்வரிசையில் நிறுத்தும். அவர் இழுப்பது குறைந்ததும் பழைய இடம் கிடைத்துவிடும். இந்த முறையை எல்லோரும் படிக்கும்படி கம்பெனியே எழுதி வெளியிட்டது.

கம்பெனி அதே கம்பெனி. நெரிசலும் அதே நெரிசல். முதல் முறை ஆளுக்குத் தெரியாமல், சரக்கைப் பார்த்துச் செய்தது. இரண்டாம் முறை ஊரறிய, கூட்டத்தைப் பார்த்துச் செய்தது. இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

ஊஞ்சல் ஆடும் சட்டம்

வழக்கு அதோடு முடியவில்லை. இப்படித் தீர்ப்புச் சொல்லக் கமிஷனுக்கு அதிகாரம் இல்லை என்று 2010 ஏப்ரலில் அப்பீல் கோர்ட்டு சொல்லிவிட்டது.

2015 பிப்ரவரியில் கமிஷன் கடுமையான விதிகள் செய்தது. தடுக்கக் கூடாது, வேகத்தைக் குறைக்கக் கூடாது, பணம் வாங்கிக்கொண்டு முந்த விடக் கூடாது என்றது. 2017 டிசம்பரில் அதே கமிஷன் அவற்றை ரத்து செய்தது. 2024 ஏப்ரலில் மறுபடியும் கொண்டுவரத் தீர்மானித்தது. 2025 ஜனவரி 2-ந் தேதி கோர்ட்டு அதையும் செல்லாது என்றது.

ஆட்சி மாறினால் விதி மாறுகிறது! கலிபோர்னியா 2018-ல் தனிச் சட்டம் செய்துகொண்டது. அவசர வேலையில் இருக்கும் தீயணைப்புப் படையின் இணைப்பை மெதுவாக்கக் கூடாது என்று 2020-ல் இன்னொரு சட்டமும் செய்தது. தீ சுட்ட பிறகு வந்த புத்தி!

இந்தியாவின் மூன்று உரைகற்கள்

இந்தியாவில் கதை வேறு விதமாகப் போயிற்று.

2015-ல் "டிராய்" என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பொது மக்களின் கருத்தைக் கேட்டது. 10 லட்சத்துக்கு மேல் ஈமெயில்கள் குவிந்தன! பேஸ்புக் கம்பெனி "பிரீ பேசிக்ஸ்" என்ற பெயரில், தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்க முன்வந்து இருந்த சமயம் அது.

இலவசம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால், ஒரு தளத்துக்குக் கட்டணம் இல்லை, இன்னொரு தளத்துக்குக் கட்டணம் உண்டு என்றால் ஏழை எந்தப் பக்கம் போவான்? அவன் எதைப் படிக்க வேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானித்துவிடுவார்.

2016 பிப்ரவரி 8-ந் தேதி டிராய் உத்தரவு போட்டது. சரக்கைப் பார்த்துக் கட்டணத்தில் வித்தியாசம் செய்யக் கூடாது. மீறினால் நாள் ஒன்றுக்கு 50 ஆயிரம் ரூபாய் அபராதம். உச்ச வரம்பு 50 லட்சம். சில நாட்களில் பேஸ்புக் அந்தத் திட்டத்தை இந்தியாவில் கைவிட்டது.

2018-ல் சர்க்கார் அடுத்த அடி எடுத்து வைத்தது. தடுப்பதும், மெதுவாக்குவதும், ஒன்றுக்கு மட்டும் சலுகை கொடுப்பதும் கூடாது என்று கம்பெனிகளின் லைசென்சிலேயே எழுதியது.

அப்படியானால் கூட்டம் வந்தால் கம்பெனி கைகட்டி நிற்க வேண்டுமா? இல்லை. நியாயமான ஒழுங்கு செய்யலாம். எது நியாயம் என்பதற்கு டிராய் 2017-ல் மூன்று உரைகற்களைக் கொடுத்து இருந்தது. அது அளவோடு இருக்க வேண்டும். தற்காலிகமாக இருக்க வேண்டும். வெளிப்படையாக இருக்க வேண்டும்.

காம்காஸ்டின் பழைய முறையை இந்தக் கல்லில் உரைத்தால் சாயம் வெளுக்கிறது. புது முறை தேறுகிறது. காட்டுத் தீயில் நடந்தது நெரிசலுக்காகச் செய்தது அல்ல. அது திட்டத்தின் விதி. ஆனாலும் "அளவோடு" என்ற கல்லில் அது தேறவே தேறாது.

ஒன்றை மறக்கக் கூடாது. அன்றாட அளவு தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டாக இறங்கும் செல்போன் திட்டங்கள் நம் நாட்டிலும் பல உண்டு. எல்லாத் தளங்களுக்கும் ஒரே மாதிரி குறைவதால், பாகுபாடு கூடாது என்ற விதி இதைத் தடுப்பது இல்லை. பரீட்சை நாளில், டாக்டரோடு பேசும் நேரத்தில் குழாய் மூடாமல் இருக்க வேண்டுமானால், திட்டத்தின் சிறிய எழுத்துகளையும் படித்துத்தான் பணம் கட்ட வேண்டும்.

கொரோனா காலத்தில்...

2020 மார்ச்சு மாதம். உலகம் முழுதும் மக்கள் வீட்டுக்குள் அடைந்தார்கள். ஆபீசும், பள்ளிக்கூடமும், சினிமாக் கொட்டகையும் ஒரே இன்டர்நெட் பாதையில் வந்து நின்றன.

ஐரோப்பாவில் நெட்பிளிக்ஸ் கம்பெனி தன் படங்களின் பளுவை 25 சதவீதம் குறைத்தது. 30 நாளுக்கு என்று சொல்லியே குறைத்தது. இந்தியாவில் மார்ச்சு 24-ந் தேதி, படம் காட்டும் பெரிய கம்பெனிகள் கூடிப் பேசின. செல்போன் பாதையில் படத்தின் தரம் ஏப்ரல் 14-ந் தேதி வரை 480-க்கு மேல் போகாது என்று அறிவித்தன.

படம் கொஞ்சம் மங்கியது. ஆனால் பாடமும் பேச்சும் போக இடம் கிடைத்தது. அளவு, கெடு, வெளிப்படை — மூன்றும் அதில் இருந்தன. யாரும் சண்டைக்கு வரவில்லை.

தனிப் பாதை

இப்போது புதிய கேள்வி வந்து இருக்கிறது. 5ஜி முறையில் ஒரே பாதையைப் பல தனிப் பாதைகளாகப் பிரிக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் வைக்கலாம். அமெரிக்காவில் டி-மொபைல் கம்பெனி, தீயணைப்புப் படை போன்ற அவசரப் பணியாளர்களுக்கு என்றே 2024-ல் இப்படி ஒரு தனிப் பாதை அமைத்தது.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவசர வேலைக்கு ஒதுங்கி வழிவிடுவது தர்மம். ஆனால் நாளை, பணம் உள்ளவர் எல்லாம் தனிப் பாதை வாங்கிக்கொண்டால், பொதுப் பாதையின் அகலம் என்ன ஆகும்? சாலை ஒன்றுதானே? ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் குறையத்தானே செய்யும்?

அவசரத்துக்குக் கதவு திறக்க வேண்டும். அதே கதவு வியாபாரத்துக்கும் திறந்துவிடக் கூடாது. வரப்போகும் விதிகளில் மக்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

வீட்டில் என்ன செய்யலாம்?

நாட்டின் பாதை சர்க்கார் கையில், கம்பெனி கையில். வீட்டுப் பாதை வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.

பல வீடுகளில் நடப்பது இது. தம்பி போட்டோக்களை எல்லாம் இன்டர்நெட்டில் ஏற்றுகிறான். அதே நேரத்தில் வெளியூரில் இருக்கும் மகனோடு அம்மா பேசுகிறார். பேச்சு திக்குகிறது. "வேகம் பற்றவில்லை" என்று இன்னும் பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். பல சமயம் குற்றவாளி வேகம் அல்ல. வரிசை!

ரவுட்டருக்கு உள்ளே பொட்டலங்கள் காத்திருக்கும் கிடங்கு உண்டு. அந்தக் கிடங்கு அளவுக்கு மீறிப் பெரியதாக இருந்தால், பொட்டலம் தொலையாமல் காத்துக்கொண்டே கிடக்கும். தொலையாததால், அனுப்புகிற கம்ப்யூட்டருக்குக் கூட்டம் இருப்பதே தெரியாது. வேகத்தைக் குறைக்காது. ஜிம் கெட்டிஸ் என்ற நிபுணர் 2010-ல் தம் வீட்டிலேயே இந்தக் கோளாறைக் கண்டு உலகுக்குச் சொன்னார்.

மருந்து 2012-ல் வந்தது. கண்டவர்களில் ஒருவர் கேத்லீன் நிக்கல்ஸ். இன்னொருவர், 1986-ம் ஆண்டு நோயைத் தீர்த்த அதே வான் ஜேக்கப்சன்! பொட்டலம் எத்தனை நேரம் காத்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும்; தாமதம் நீடித்தால் ஒன்றிரண்டை எறிந்துவிட வேண்டும்; அனுப்புகிறவருக்கு அது எச்சரிக்கை. இதுவே மருந்து. இதனோடு தனித்தனி வரிசை முறையும் சேர்ந்து, "எப்.கியூ. கோடெல்", "கேக்" என்ற பெயர்களில் இன்று பல ரவுட்டர்களில் கிடைக்கிறது. "ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி." என்ற இலவச மென்பொருளிலும் உண்டு.

செய்ய வேண்டியவை:

1. பெரிய பைல் ஒன்றை ஏற்றிக்கொண்டே, வேகம் பார்க்கும் தளத்தில் "பிங்" என்ற எண்ணைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 20 காட்டியது, ஏற்றும்போது சில நூறாக ஏறினால், கோளாறு வரிசையில் இருக்கிறது.

2. ரவுட்டர் அமைப்பில் "கியூ.ஓ.எஸ்." அல்லது "எஸ்.கியூ.எம்." என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். 40 கிடைத்தால் 36. கொஞ்சம் இழப்பதுபோல் தோன்றும். ஆனால் வரிசை கம்பெனியின் பெட்டியில் நிற்காமல் உங்கள் பெட்டியில் நிற்கும். அங்கே ஒழுங்கு செய்வது நீங்கள்.

3. எல்லோருக்கும் முன்னுரிமை கொடுக்காதீர்கள். எல்லோரும் முதல் பந்தி என்றால் முதல் பந்தியே இல்லை. பேச்சுக்கும் பாடத்துக்கும் மட்டும் கொடுங்கள்.

4. போட்டோ ஏற்றுவது, பெரிய பைல் இறக்குவது போன்ற வேலைகளை எல்லோரும் தூங்கும் நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

5. வீட்டில் யாருடைய வேகத்தையாவது குறைத்தால், அவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். எத்தனை மணி வரை என்றும் சொல்லுங்கள். நாட்டுக்குச் சொன்ன மூன்று உரைகற்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

பாதை எவ்வளவு அகலமானாலும் கூட்டம் அதை நிரப்பிவிடும். வரிசையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. வரிசையைச் சீர்செய்கிறவர், எந்த விதிப்படி செய்கிறார் என்பதைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். அந்த விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தீயை அணைக்கப் போகிறவருக்கு மட்டும் எல்லோரும் ஒதுங்கி வழிவிட வேண்டும்.